டின் எக்ஸ்ட்ராக்டை விட்டு ஆல்-கிரெய்ன்: 19 லிட்டர் பானை போதுமா?

புளிச்சமாவு (மெல்பர்ன்):

வணக்கம். வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். இப்போது செய்வது டின் முறை. 1.5 கிலோ பேல் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் சுண்டிய சாறு) டின் இரண்டு, அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து வடித்த 250 கிராம் கிரிஸ்டல் மால்ட். எல்லாவற்றையும் 8 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுவது. கொதி தொடங்கியதும் 40 கிராம் பிரைட் ஆஃப் ரிங்வுட் ஹாப்ஸ் (கசப்புக்குச் சேர்க்கும் பூ; கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 9 சதவீதம்). கடைசியில் பெர்மென்டரில் (நொதிக்க வைக்கும் கலம்) பச்சைத் தண்ணீர் விட்டு 20 லிட்டர் ஆக்குவது. ஈஸ்ட் யூ.எஸ்-05.

இரண்டு குறை. கிராவிட்டி (சாற்றின் அடர்த்தி; தண்ணீருக்கு 1.000, சர்க்கரை தீரத் தீர இறங்கும்) 1.018-க்குக் கீழே இறங்குவதே இல்லை. ஈஸ்டை மாற்றினாலும், பெர்மென்டரைச் சூடான இடத்துக்கு நகர்த்தினாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்தது நிறம். வைக்கோல் நிறத்தில் வேண்டும் என்றால் கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் வருகிறது.

கையில் இருப்பவை: 19 லிட்டர் எவர்சில்வர் பானை (விட்டம் 30 செ.மீ.), கேஸ் அடுப்பில் ஒரு பெரிய பர்னர், 25 லிட்டர் பெர்மென்டர், ஹைட்ரோமீட்டர், குச்சி வெப்பமானி. இதிலேயே ஆல்-கிரெய்ன், அதாவது டின் இல்லாமல் தானியத்திலிருந்தே சாறு எடுப்பது, செய்ய முடியுமா, அல்லது 40 லிட்டர் மின் உலைப்பானை வாங்கியே ஆக வேண்டுமா? தானியத்தைத் துணிப்பையில் ஊறவைக்கும் பை முறையா, ஐஸ்பெட்டியில் ஊறவைக்கும் எஸ்கி முறையா? தண்ணீருக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? வழக்கமாக எங்கே சொதப்பும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


வடிசாறு:

பானை போதும், ஆனால் 20 லிட்டருக்கு அல்ல, 10 லிட்டர் பியருக்கு. பை முறையில் ஆரம்பியுங்கள். 2006 வாக்கில் ஆஸ்திரேலியாவில்தான் இந்த முறை பரவியது. மாஷ் செய்ய (தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து மாவைச் சர்க்கரையாக்க) தனிக் கலம், தானியத்தை அலசும் வெந்நீருக்குத் தனிப் பானை எதுவும் வேண்டாம், ஒரே பானையும் ஒரு துணிப்பையும்தான்.

முதலில் உங்கள் 1.018. டின்னுக்குள் இருப்பது ஏற்கெனவே மாஷ் செய்து, வடித்து, சுண்டவைத்த வோர்ட் (மால்ட் சாறு). அதில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை எவ்வளவு, தின்னாமல் விடும் டெக்ஸ்ட்ரின் எவ்வளவு என்பதை ஆலையில் மாஷ் செய்த அன்றே முடிவு செய்துவிட்டார்கள். நீங்கள் ஈஸ்டை எவ்வளவு கொஞ்சினாலும் அது மாறாது. ஆல்-கிரெய்னில் அந்த முடிவு உங்கள் கைக்கு வருகிறது. மால்ட்டில் இரண்டு நொதிகள் உண்டு. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் விரும்பும் மால்ட்டோஸைத் தரும். ஆல்ஃபா அமைலேஸ் 68 முதல் 72-க்குள் சுறுசுறுப்பாக இருக்கும். அது மாவுச்சத்தைக் கண்டபடி வெட்டும், டெக்ஸ்ட்ரின் அதிகம் மிஞ்சும். 64-ல் மாஷ் செய்தால் வறண்ட (இனிப்பு மிஞ்சாத) பியர், 69-ல் செய்தால் கனத்த பியர், 66 நடுவாந்தரம். முளைகட்டிய கேழ்வரகு மாவைச் சேர்த்தால் கெட்டிக் கூழ் தண்ணியாக இளகிவிடுகிறதே, அதுவும் இதே நொதி செய்கிற வேலைதான்.

நிறத்துக்குக் காரணம், கெட்டியான சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பது. டின் முறையிலேயே தொடர்ந்தாலும், ஒரு டின்னைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி கணக்கு. இலக்கு பெர்மென்டரில் 10 லிட்டர், தொடக்க கிராவிட்டி 1.048. அடியில் தங்கும் கசடுக்கு 1 லிட்டர் விடுங்கள், ஆக கொதி முடிவில் 11 லிட்டர் வேண்டும். ஒரு மணி நேரக் கொதியில் உங்கள் பானையில் சுமார் 3 லிட்டர் ஆவியாகும். பலர் தவறுவது இங்கேதான்: அளவைப் பாதியாக்கினால் ஆவியும் பாதியாகும் என்று நினைக்கிறார்கள். ஆவியாவது பானையின் வாய் அகலத்தையும் தீயையும் பொறுத்தது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. ஆகவே கொதிக்கு முன் 14 லிட்டர் வேண்டும். பையைப் பிழிந்த பிறகும் தானியம் கிலோவுக்கு 0.7 லிட்டர் குடித்திருக்கும், 2.5 கிலோவுக்கு 1.75. சூட்டில் விரிவதையும் சேர்த்து மொத்தத் தண்ணீர் 16 லிட்டர். உலர்ந்த தானியம் கிலோவுக்கு 0.67 லிட்டர் இடம் அடைக்கும், அதாவது 1.7. பானையில் 17.7 லிட்டர் மட்டத்துக்கு வரும். விளிம்புக்கு ஒன்றேகால் லிட்டர் மிச்சம். நெருக்கடிதான், ஆனால் கொள்ளும்.

தானியம்:
பேல் ஏல் மால்ட் 2.25 கிலோ
வெளிர் கிரிஸ்டல் மால்ட் 150 கிராம்
கோதுமை மால்ட் 100 கிராம் (நுரை நிற்க)

ஹாப்ஸ்:
பிரைட் ஆஃப் ரிங்வுட் 12 கிராம், 60 நிமிடம்
காஸ்கேட் 10 கிராம், கடைசி 10 நிமிடம்
காஸ்கேட் 20 கிராம், அடுப்பை அணைத்ததும்

பைக்குத் துணி பாலியஸ்டர் வாயில், ஜன்னல் திரைக்குப் போடுவது. வாயில் புடவை தெரிந்தவர்களுக்கு நெசவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பருத்தி வேண்டாம். ஊறிப்போய் வடியாது, காயாமல் பூஞ்சை பிடிக்கும். தையலும் பாலியஸ்டர் நூலால் இரட்டையாக. பை பானையின் உட்புறம் முழுவதும் படிந்து, விளிம்பில் மடித்துவிடும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். தேநீர்ப் பை மாதிரி சின்னதாகத் தைத்தால் நடுவில் இருக்கும் தானியம் நனையாது.

16 லிட்டரை 69.5 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்காலத்தில் கராஜில் கிடந்த மால்ட் 12 டிகிரியில் இருந்தால், கலந்ததும் 66-ல் வந்து நிற்கும். மால்ட் 20 டிகிரியில் இருந்தால் 69 போதும். எஸ்கிக்காரர்கள் சொல்லும் 72, 73 டிகிரிக் கணக்கை இங்கே எடுக்காதீர்கள். அது கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர் உள்ள கெட்டி மாஷுக்கு. உங்களுடையது கிலோவுக்கு 6 லிட்டருக்கு மேல், அதிகம் ஆறாது.

அடுப்பை அணைத்துவிட்டுத் தானியத்தைச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் களியில் கட்டி தட்டுவதுபோல் தட்டும். கட்டிக்குள் இருக்கும் மாவு கடைசி வரை உலர்ந்தே இருக்கும். உப்புமாவுக்கு ரவை தூவுவதுபோல ஒரு கையால் தூவி, மறு கையால் கிண்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு நிமிடம் நன்றாகக் கிண்டிய பிறகே வெப்பத்தைப் பாருங்கள், ஏனென்றால் மேலுக்கும் அடிக்கும் 4 டிகிரி வரை வித்தியாசம் காட்டும். 68-க்கு மேல் இருந்தால் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டுக் கிண்டுங்கள். மூடிபோட்டு, பானையைப் பழைய கம்பளியாலோ தூங்கும் பையாலோ சுற்றுங்கள். சுற்றும்போது பர்னர் அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 2 டிகிரி இறங்கினால் பரவாயில்லை. நடுவில் இரண்டு தடவை திறந்து கிண்டுங்கள். அதனால் போகும் சூட்டைவிட வரும் சர்க்கரை அதிகம்.

60 நிமிடம் முடிந்ததும் மறுபடி தீ மூட்டி 76 டிகிரிக்குக் கொண்டு போங்கள். சாறு இளகிச் சுலபமாக வடியும். இந்த நேரம் பை அடியில் பட்டால் கருகி ஓட்டை விழும். ஒரு இட்லித் தட்டைக் கவிழ்த்துப் பைக்கு அடியில் முதலிலேயே போட்டுவிட்டால் கவலையில்லை. 76 வந்ததும் பையைத் தூக்கி, பானைமேல் வைத்த கம்பி வலையில் வடியவிட்டு, தடித்த ரப்பர் கையுறையோடு பிழியுங்கள். பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. உமியிலிருந்து துவர்ப்பு வருவது பி.ஹெச் 6-ஐத் தாண்டி, வெப்பமும் 77-ஐத் தாண்டும்போதுதான். இரண்டும் கட்டுக்குள் இருந்தால் எவ்வளவு பிழிந்தாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது அளவையும் கிராவிட்டியையும் குறித்துக்கொள்ளுங்கள். 14 லிட்டர், 1.038 வர வேண்டும். மாதிரியை 20 டிகிரிக்கு ஆறவைத்த பிறகே ஹைட்ரோமீட்டரைப் போடுங்கள். 60 டிகிரிச் சூட்டில் பார்த்தால் 15 புள்ளி (0.015) வரை குறைத்துக் காட்டும், ஜாடியும் விரிசல் விடலாம்.

கொதி நெருங்கும்போது பானையை விட்டு நகராதீர்கள். எக்ஸ்ட்ராக்டை விட இது பால் மாதிரிப் பொங்கும். நுரையைக் கரண்டியால் அள்ளி எறியுங்கள், அது அடங்கிய பிறகு முதல் ஹாப்ஸ். மூடி போடவே கூடாது. மால்ட்டில் இருக்கும் ஒரு சேர்மம் சூட்டில் டி.எம்.எஸ் (டைமெத்தில் சல்பைடு) ஆக மாறும். ஆவியோடு வெளியேறாவிட்டால் வேகவைத்த சோள வாடை வரும். பேல் ஏல் மால்ட்டுக்கு 60 நிமிடக் கொதி போதும், பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90 நல்லது. உங்கள் டின்னில் இந்த வேலை ஆலையிலேயே முடிந்திருந்தது.

கொதி முடிந்ததும் பானையை லாண்டிரித் தொட்டியில் இறக்கி, சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர். அதை இரண்டு தடவை மாற்றி, மூன்றாவது தடவை பனிக்கட்டி. 11 லிட்டர் 40 நிமிடத்துக்குள் 20 டிகிரிக்கு வரும். ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் முழுவதையும் போட்டாலும் கெட்டுப்போகாது. 18 முதல் 20 டிகிரியில் வைத்தால் 1.010 பக்கம் முடியும்.


உமி:

வடிசாறு சொன்ன முறைல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா முடிவோட ஒத்துப்போகல. 10 லிட்டருக்கும் 20 லிட்டருக்கும் செலவாகுற நேரம் ஒண்ணுதான். தண்ணி சூடாக்கி, மாஷ் பண்ணி, கொதிக்க விட்டு, கழுவிக் கவிழ்க்க அஞ்சு மணி நேரம். முப்பது பாட்டில்கூட தேறாத விஷயத்துக்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுக்கணுமா? ரெண்டு தடவை பானைல செஞ்சு கை பழகிட்டா 40 லிட்டர் மின் உலைப்பானை வாங்குங்க.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: சூடாக்கும் கம்பி அடித்தகட்டுக்குக் கீழ மறைவா இருக்கணும். தண்ணிக்குள்ள நிர்வாணமா நிக்கிற கம்பில பை பட்டா போச்சு, மாவுப்படிவு கருகிச் சாம்பல் வாடையும் வரும். 2400 வாட் மாடல்தான் வேணும், இங்க வீட்டு 10 ஆம்பியர் பிளக்குக்கு அதுதான் எல்லை. நேரா சுவத்துப் பிளக்குல சொருகுங்க. எக்ஸ்டென்ஷன் பெட்டில கெட்டிலோட சேர்த்துச் சொருகினா உருகும். 30 லிட்டர் 15 டிகிரிலேர்ந்து 69-க்கு வர 50, 55 நிமிஷம், மாஷ் முடிஞ்சு கொதிக்கு வர இன்னொரு அரை மணி. உலைப்பானையோட திருகுல இருக்கற டிகிரி எண்ணை மாஷுக்கு நம்பாதீங்க, உங்க குச்சி வெப்பமானியை நம்புங்க. அதையும் முதல்ல பனிக்கட்டித் தண்ணில 0, கொதிதண்ணில 100 காட்டுதான்னு பாத்துக்கங்க. 2 டிகிரி பொய் சொல்ற வெப்பமானியால 66-ன்னு நினைச்சு 68-ல மாஷ் பண்ணிட்டு, திரும்பவும் கிராவிட்டி இறங்கலன்னு கேட்க வந்து நிப்பீங்க.

முழு அளவுக்குத் தானியம் 4.9 கிலோ, தண்ணி 30 லிட்டர். ஈரத்தோட பை பத்துக் கிலோவுக்கு மேல கனக்கும், சூடு வேற. ஏணியோ கப்பியோ இல்லாம கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க.

எஸ்கி பத்திக் கேட்டீங்க. பளு தூக்க முடியாதவங்களுக்கும், 1.070-க்கு மேல கனமான பியர் போடறவங்களுக்கும் நல்லது. ஆனா அடில சல்லடைக் குழாய், பந்து வால்வு, வெந்நீருக்குத் தனிப் பானைன்னு சாமான் சேரும். கோதுமை அதிகம் போட்டாலோ, மால்ட்டை ரொம்ப நைசா உடைச்சாலோ சாறு இறங்காம அடைச்சு நிக்கும். அப்ப 200, 300 கிராம் நெல் உமி கலந்தா வழி விடும். பைல இந்தத் தொல்லையே கிடையாது, துணிதான் சல்லடை.

அதனாலதான் மால்ட் உடைப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். ஹோம்ப்ரூ கடை மில்லுல உருளை இடைவெளி எஸ்கிக்காரங்களுக்காக வச்சிருப்பாங்க, 1.2 மில்லிமீட்டர் மாதிரி. பைக்கு 0.9 நல்லது. இடைவெளியை மாத்த மாட்டேன்னா ரெண்டு தடவை ஓட்டித் தரச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்து ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாள்ல பரப்பிப் பாருங்க. பெரும்பாலும் நொய், கொஞ்சம் மாவு, உமி மட்டும் கிழிஞ்சாலும் உருவம் தெரியணும். முழுசா உடையாத மணி நூத்துல ரெண்டு மூணுக்கு மேல இருந்தா திருப்பிக் கொடுங்க. அந்த மணிக்குள்ள தண்ணியே போகாது, அது அப்படியே குப்பைக்குத்தான். உடைச்ச மால்ட்டை ரெண்டு வாரத்துக்குள்ள பயன்படுத்திடுங்க. உடைக்காததுன்னா ஈரமில்லாத டப்பால பல மாசம் தாங்கும்.


நாலாங்கொதி:

தண்ணியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதை நான் சொல்லுறன்.

எக்ஸ்ட்ராக்டில தாது உப்பு ஆலையின்ர தண்ணியோட சேர்ந்தே வந்திடும், மாஷ் பி.ஹெச்சும் அங்கேயே முடிஞ்ச கதை. அதாலதான் இவ்வளவு நாளும் உங்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. மெல்பேர்ண் தண்ணி நல்ல மென்தண்ணி, உப்பு ஒண்டும் பெரிசா இல்லை. சேர்க்க வேண்டியதைச் சேர்க்கலாம், கழிக்க வேண்டியது ஒண்டுமில்லை. அந்த வகையில நீங்கள் குடுத்து வைச்ச ஆள்.

முதல் வேலை குளோரின். மால்ட்டில இருக்கிற ஃபீனோலோட அது சேர்ந்தால் மருந்துப் பிளாஸ்டர் மணம் வரும், பிறகு என்ன செய்தாலும் போகாது. 16 லிட்டருக்குக் காம்ப்டன் மாத்திரை (மெட்டாபைசல்பைட்) கால்வாசியைப் பொடியாக்கிக் குளிர்தண்ணியிலேயே கலந்து விடுங்கோ. சில நிமிசத்தில வேலை முடிஞ்சிடும். சில ஊரில குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் போடுறவை. அது சும்மா சூடாக்கினால் போகாது, ஆனால் மாத்திரை ரெண்டுக்கும் கேட்கும்.

பிறகு 16 லிட்டருக்கு 2.5 கிராம் ஜிப்சம் (கல்சியம் சல்பேட்), 1.5 கிராம் கல்சியம் குளோரைட். கல்சியம் 60 பி.பி.எம் அளவுக்கு வரும், சல்பேட் குளோரைட்டைப் போல ரெண்டு மடங்கு இருக்கும். ஹொப்ஸ் கசப்பு கூர்மையாகத் தெரிய இது நல்லது. தேக்கரண்டிக் கணக்கில போடாதேங்கோ, 0.1 கிராம் காட்டுற சின்னத் தராசு ஒண்டு வாங்குங்கோ.

வெளிர் மால்ட்டும் மென்தண்ணியும் சேர்ந்தால் மாஷ் பி.ஹெச் 5.6, 5.7 எண்டு நிற்கும். வேண்டியது 5.3 முதல் 5.4. மீட்டர் இல்லாட்டி தானியத்தில 50 கிராம் அசிடுலேட்டட் மால்ட் (லக்டிக் அமிலம் ஏறின மால்ட்) சேருங்கோ. அது 2 வீதம், பி.ஹெச் 0.2 அளவில இறங்கும். மீட்டர் இருந்தால் 88 வீத லக்டிக் அமிலம் 1 மி.லி. விட்டுக் கிண்டி, பத்து நிமிசம் கழிச்சு, மாதிரியை ஆறவைச்சுப் பாருங்கோ. தேவையெண்டால் இன்னொரு மி.லி. அதுக்கு மேல வேண்டாம், புளிப்புத் தட்டும். சூடான மாஷுக்குள்ள மீட்டரை விட்டால் ரெண்டே மாசத்தில அது பழுதாகிடும். வர்ணத் தாளை நம்பாதேங்கோ, மாஷின்ர நிறத்தில அது மயங்கிப்போகும்.


வடிசாறு:

ஹாப்ஸ் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். புளிச்சமாவு 20 லிட்டருக்கு 40 கிராம் போடுபவர், 10 லிட்டருக்கு 20 என்று நினைக்கலாம். நினைக்காதீர்கள். 3 கிலோ எக்ஸ்ட்ராக்டை 8 லிட்டரில் கரைத்தால் கிட்டத்தட்ட 10 லிட்டர், கிராவிட்டி 1.090. அத்தனை கெட்டியான வோர்ட்டில் ஹாப்ஸின் கசப்பு சரியாக இறங்காது. ஹாப்ஸ் கசப்பைக் கணக்கிடும் டின்செத் சூத்திரப்படி 1.043 வோர்ட்டில் (1.038-க்கும் 1.048-க்கும் நடு) இறங்குவது அதைப்போல ஒன்றரை மடங்கு. உங்கள் 40 கிராம் கொடுத்தது 29 ஐ.பி.யூ (கசப்பின் அலகு). முழு அளவையும் கொதிக்க வைக்கும்போது 20 கிராம் போட்டால் 40 வரும். மேலே 12 கிராம் என்று எழுதியதற்கு அதுதான் காரணம். கடைசிப் பத்து நிமிட காஸ்கேட் ஆல்ஃபா 6 சதவீதம் என்றால் 5 ஐ.பி.யூ, மொத்தம் உங்கள் பழைய 29.

குளிர்விக்க வழியில்லாதவர்கள் இங்கே செய்யும் நோ-சில் முறையும் உண்டு. கொதிக்கும் வோர்ட்டை எச்.டி.பி.ஈ (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) கேனில் ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, ஒரு ராத்திரி ஆறவிடுவது. கேன் விளிம்பு வரை நிறைய வேண்டும். 10 லிட்டருக்கு 10 லிட்டர் கேன்தான், 20 லிட்டர் கேனில் பாதி ஊற்றக் கூடாது. சூடு நின்று இறங்குவதால் கடைசி ஹாப்ஸ் எல்லாம் 15, 20 நிமிடம் கூடுதலாகக் கொதித்த கணக்கு ஆகிவிடும். அதற்கேற்ப நேரத்தைத் தள்ளிப் போடுங்கள். மறுநாளே ஈஸ்ட் போடுங்கள். வோர்ட்டின் பி.ஹெச் 5-க்கு மேல், அமிலம் போதாது; காற்றில்லாத கேனில் வாரக்கணக்கில் வைப்பது பாதுகாப்பல்ல.


புளிச்சமாவு:

மூவருக்கும் நன்றி. பானையிலேயே செய்து பார்த்தாயிற்று. தானியம் சொன்ன அளவு, 50 கிராம் அசிடுலேட்டட் மால்ட் சேர்த்து. கலந்ததும் 66.5, ஒரு மணி நேரம் கழித்து 64. எண்கள் இவை (எல்லாம் ஆறவைத்த மாதிரி): கொதிக்கு முன் 14.8 லிட்டர், 1.032. கொதிக்குப் பின் 12.2 லிட்டர், 1.039. வர வேண்டியது 1.048. அயோடின் சொட்டும் போட்டேன், கருநீலம் காட்டியது. மாஷ் முடியவில்லை என்றுதானே அர்த்தம்? அடுத்த தடவை 90 நிமிடம் வைக்கட்டுமா?


உமி:

சொட்டு போட்ட சாறுல உமித் துண்டு கிடந்துச்சா? உமில ஒட்டியிருக்கற மாவு எப்பவும் கறுக்கும். தெளிஞ்ச சாறை மட்டும் வெள்ளைப் பீங்கான் தட்டுல ஒரு சொட்டு விட்டு அதுமேல அயோடின் விடணும். பழுப்பாவே இருந்தா மாஷ் முடிஞ்சது. சோதிச்ச சொட்டைத் திரும்பப் பானைல ஊத்திடாதீங்க. மத்தபடி இப்ப வர்ற மால்ட்டுல மாவு உடையறது முதல் அரை மணியிலேயே பெரும்பாலும் முடிஞ்சுடும், மிச்ச அரை மணி வறட்சிக்காகத்தான். 90 நிமிஷம் வைக்கறதால இந்தக் குறை தீராது.


வடிசாறு:

எண்களை எழுதி வைத்திருக்கிறீர்கள், அதனால் சொல்லிவிடலாம். கிராவிட்டிப் புள்ளியை லிட்டரால் பெருக்குங்கள். கொதிக்கு முன் 32 பெருக்கல் 14.8, 474. பின்னால் 39 பெருக்கல் 12.2, 476. இரண்டும் ஒத்துப்போவதால் அளவெடுத்ததில் தவறில்லை. உங்கள் 2.5 கிலோவிலிருந்து ஆய்வகத்தில் எடுக்கக்கூடியது சுமார் 760 புள்ளி. நீங்கள் எடுத்தது 62 சதவீதம், நான் கணக்கிட்டது 70.

குறைந்த 9 புள்ளியைப் பிரித்துப் பார்த்தால், அதே 474 புள்ளி 11 லிட்டரில் இருந்திருந்தால் 1.043. ஆக 4 புள்ளி போனது மாஷில் அல்ல. தண்ணீர் அதிகமாக நின்றதில். பையை நன்றாகப் பிழிந்திருக்கிறீர்கள், தானியம் கிலோவுக்கு 0.5 லிட்டர்தான் குடித்திருக்கிறது. உங்கள் அடுப்பும் மணிக்கு 2.6 லிட்டர்தான் ஆவியாக்குகிறது, நான் சொன்ன 3 அல்ல. அடுத்த தடவை 16-க்குப் பதில் 15 லிட்டரில் தொடங்குங்கள், அவ்வளவுதான். அன்றைக்கே பிடித்திருந்தால் ஹாப்ஸ் போடுமுன் 25 நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விட்டிருக்கலாம்.

மீதி 5 புள்ளி மாஷில் போனது. முதல் சந்தேகம் உடைப்பு. உமி சொன்னதுபோல் தாளில் பரப்பிப் பாருங்கள், இரண்டு தடவை ஓட்டச் சொல்லுங்கள். அதோடு 15 லிட்டரில் 2 லிட்டரை ஒதுக்கி வைத்து 75 டிகிரியில் வேறு பாத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிழிந்த பையை அதில் பத்து நிமிடம் முக்கிக் கிண்டிப் பிழிந்து, அந்தச் சாறையும் பானையில் சேருங்கள். சில சதவீதம் ஏறும், பானை நெருக்கடியும் குறையும். இரண்டு மாற்றத்தையும் ஒரே தடவையில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும், அதனால் முதலில் உடைப்பை மட்டும் மாற்றுங்கள்.

அலமாரியில் அரைக் கிலோ உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் எப்போதும் இருக்கட்டும். கொதிக்கு முன் கிராவிட்டி குறைந்தால் அதுவே மருந்து. 11 லிட்டரில் 5 புள்ளி ஏற்ற 150 கிராம் போதும்.


புளிச்சமாவு:

உமித் துண்டு கிடந்தது உண்மை. தாளில் பரப்பிப் பார்த்ததில் முழு மணி நூற்றுக்குப் பத்துக்கு மேல். கடையில் பேசுகிறேன். பெர்மென்டரில் இப்போது 1.011, இன்னும் குமிழி விடுகிறது. கடைசிக் கேள்வி: பிழிந்த தானியம் நாலு கிலோ பையில் கிடக்கிறது, அதை என்ன செய்வது?


நாலாங்கொதி:

அண்டைக்கே வெளியால எடுங்கோ. ஒரு நாள் விட்டால் புளிச்சு, ரெண்டாம் நாள் வீடு முழுக்க நாறும். கொம்போஸ்டில காய்ஞ்ச இலையோட கலந்து போடலாம், கோழி வளர்க்கிறவை கேட்டு வாங்குவினம். மெல்லிசாகப் பரப்பி ஓவனில குறைஞ்ச சூட்டில காயவைச்சு அரைச்சால் ரொட்டி மாவோட கலக்கலாம், ஆனால் உமி பல்லில படும்.

பானை அடியில மிஞ்சிற ஹொப்ஸ் கசடை மட்டும் தனியாக மூடிக் குப்பையில போடுங்கோ. வீட்டில நாய் இருந்தால் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகாதேங்கோ. ஹொப்ஸ் நாய்க்கு நஞ்சு, உடம்புச் சூடு விறுவிறெண்டு ஏறிச் செத்தும் போகும். மால்ட் வாசத்துக்கு அது தேடி வந்து தின்னும்.